பெயரும் வாழ்வும்: அலபாமா மாநிலத்தின் மூன்று நூல்கள்

துக்க வீட்டிலிருந்து ஒருவர் வந்து, மறுநாள் அடக்க ஆராதனையில் வாசிப்பதற்கு ஜீவிய சரித்திரம் எழுதித் தருமாறு போதகரைக் கேட்பதுண்டு. பிறந்த நாள், ஞானஸ்நானம், திடப்படுத்தல், விவாகம், பார்த்த வேலை, பிள்ளைகள், நித்திரையடைந்த நாள் என்று எழுதி முடித்தால் அரைப் பக்கம் வரும். அவ்வரைப் பக்கத்தில் அந்த மனிதர் இருக்கிறாரா என்னும் கேள்வி நம்மைப் பல ஆண்டுகளாக உறுத்தி வந்திருக்கிறது. அக்கேள்வியோடு அண்மையில் மூன்று நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தோம். மூன்றும் அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா என்னும் ஒரே மாநிலத்து மக்களின் வாழ்க்கைகளைப் பதிந்தவை. ஒன்று புகழ் பெற்றோரைப் பற்றியது. மற்ற இரண்டும் பருத்திக் காட்டில் உழைத்த எளியோரைப் பற்றியவை.

முதல் நூலை நாம் விரைவாகவே கடக்கலாம். தாமஸ் மெக்கடரி ஓவன் என்பவர் 1901-இல் அலபாமா மாநில ஆவணக் காப்பகத்தை நிறுவியவர். மாநில அரசொன்று தனக்கென ஆவணத் துறை அமைத்தது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. அவர் 1920-இல் மறைந்தபின், அவருடைய துணைவியார் மேரி பாங்க்ஹெட் ஓவன் பொறுப்பேற்று 1921-இல் வெளியிட்டது, அலபாமா வரலாறும் வாழ்க்கைக் குறிப்பு அகராதியும் அடங்கிய நான்கு தொகுதிகள். பின்னிரு தொகுதிகள் முழுவதும் அகரவரிசையில் மாந்தர்கள். தந்தை பெயர், தாத்தா வந்த ஊர், பயின்ற கல்லூரி, உள்நாட்டுப் போரில் சேர்ந்த படைப்பிரிவு, வகித்த பதவி, சார்ந்த திருச்சபை, மணந்த பெண், பெற்ற மக்கள் என்று ஒரே வார்ப்பில் ஊற்றிய குறிப்புகள். சட்டமன்றத்தார், வழக்கறிஞர், படைத்தலைவர், மருத்துவர், போதகர் ஆகியோரே மிகுதி. பெரும்பாலாரும் வெள்ளை ஆடவர். போதகர்களைப் பற்றிய குறிப்புகளைச் சற்று ஆர்வத்தோடு புரட்டினோம். எந்தச் சபையில் எத்தனை ஆண்டு என்பது தெரிகிறது. பிரசங்க பீடத்திலிருந்து இறங்கியபின் அவர்கள் யார் வீட்டுக்குப் போனார்கள் என்பது தெரியவில்லை. நம்முடைய அரைப் பக்கத்தை அங்கே கண்டு நாணினோம்.

ஆயினும் ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. காப்பகம் பிறந்த அதே 1901-ஆம் ஆண்டிலேதான் அலபாமா புதியதோர் அரசியல் சட்டத்தை ஏற்றது. வாக்குரிமைக்கு எழுத்தறிவு, சொத்து, தலைவரி என்று நிபந்தனைகள் அதில் விதிக்கப்பட்டன. அதுவரை வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்த ஏறத்தாழ 1,80,000 கறுப்பின ஆடவருள், சில ஆண்டுகளில் பட்டியலில் எஞ்சியோர் 3,000-க்கும் குறைவு. ஏழை வெள்ளையரிலும் பல்லாயிரவர் நீங்கினர். ஒரு கையால் நினைவேட்டைத் திறந்த மாநிலம் மறு கையால் வாக்காளர் ஏட்டிலிருந்து பெயர்களை அடித்தது. ஓவனின் அகராதியை இவ்விரண்டாம் ஏட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இது நம்முடைய தனிக் குற்றச்சாட்டு அன்று. தன் சேகரிப்பும் தன் மௌனமும் இன அநீதிக்குத் துணை நின்றன என்று அக்காப்பகமே 2020-இல் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது.

இரண்டாம் நூல் இறையியல் மாணவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. ஜேம்ஸ் ஏஜி எழுத, வாக்கர் எவன்ஸ் படம் பிடிக்க, 1941-இல் வெளிவந்தது. நூலின் பெயரே பென் சீராவின் 44-ஆம் அதிகாரத்தின் தொடக்கம்: ‘புகழ்பெற்ற மாந்தரைப் போற்றுவோம்’. தள்ளுபடி ஆகமம் என்று நாம் ஒதுக்கிவிட்டதால் இப்பகுதி நம் சபையாரில் பலருக்குப் பழக்கமில்லை. ஆட்சி செய்தோர், ஆலோசனை சொன்னோர், பாட்டிசைத்தோர், செல்வர் என்று புகழாளரை வரிசைப்படுத்திய ஞானி, இடையிலே சட்டென்று திரும்பி, நினைவுச் சின்னம் ஏதுமின்றிப் பிறவாதவர் போல் மறைந்தோரையும் சொல்கிறார். சொல்லிவிட்டு மீண்டும் ஏனோக்கு, நோவா, ஆபிரகாம் என்று பெயர் உள்ளவர்களிடமே போய், ஆறு அதிகாரங்கள் கடந்து பிரதான ஆசாரியன் சீமோனிடம் நிற்கிறார். அவ்வரிசையில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. எஸ்றாவையே விட்டுவிட்டவர், நூல் நூற்ற கிழவியை நினைப்பாரா! ஆக, மறக்கப்பட்டோருக்கு அவர் அளித்தது ஒரே ஒரு வசனம். அந்த ஒரு வசனத்தை விரித்தெழுத முற்பட்டதே ஏஜியின் நூல் என்பது நமது துணிபு.

1936-ஆம் ஆண்டுக் கோடையில் ‘ஃபார்ச்சூன்’ என்னும் வணிக இதழ், பருத்தி பயிரிடும் வெள்ளைக் குத்தகைக் குடிகளைப் பற்றிக் கட்டுரை எழுத ஏஜியை அனுப்பிற்று. எவன்ஸ் அரசுத் துறையொன்றிலிருந்து கடனாக வந்தவர். ஹேல் மாவட்டத்தில் மூன்று குடும்பங்களைக் கண்டு, அவற்றுள் ஒன்றின் வீட்டில் ஏஜி தங்கினார். எழுதியதை இதழ் வெளியிடவில்லை. பின்னர் பெருநூலாக வந்தபோது ஏறத்தாழ 600 பிரதிகளே விற்றனவாம். ஏஜி 1955-இல் இறந்தார். 1960-இல் மறுபதிப்பு வந்த பிறகே நூல் பெரும்புகழ் எய்திற்று.

நூலைத் திறந்ததும் படங்கள். அவற்றின் கீழ் ஒரு சொல்லும் இல்லை. பிறகு எழுத்து. குட்ஜர் என்று நூலில் வழங்கும் குடியானவரின் கணக்கு தெளிவாகக் காட்டப்படுகிறது. நிலம், வீடு, கோவேறு கழுதை, கருவி எல்லாம் நிலக்கிழாருடையவை. விளைந்த பருத்தியிலும் சோளத்திலும் பாதி அவருக்கு. மார்ச் முதல் ஜூன் வரை உண்பதற்கு மாதம் 10 டாலர் கடன். அதற்கு 8 விழுக்காடு வட்டி. அறுவடை முடிந்து கணக்குத் தீர்த்தால் மிஞ்சுவது சொற்பம். சில ஆண்டுகளில் கடனே மிஞ்சும். இவ்வளவும் எந்தப் பொருளாதார அறிக்கையிலும் கிடைக்கும். ஆனால் ஏஜி அங்கே நிற்பதில்லை. பலகைச் சுவரின் இடுக்கு, மேலங்கியின் தையல், மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் பொத்தான், உடைந்த பொம்மை என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். ஆலயப் பொருள்களை எண்ணிக் கணக்கெழுதும் லேவியனின் பயபக்தி அப்பக்கங்களில் உண்டு. ஏழையின் வீட்டை ‘வறுமை’ என்ற ஒரு சொல்லால் மூடிவிடும் நம் பிரசங்க வழக்கத்துக்கு இது நல்ல மருந்து.

எனினும் அந்த இழுப்பறை திறக்கப்பட்டது எப்போது? வீட்டார் எல்லோரும் வயலுக்குச் சென்றிருந்தபோது. அவர்கள் திரும்பி வரும் ஓசை கேட்டதும் விருந்தாளி எல்லாவற்றையும் மூடிவிட்டுத் திண்ணைக்கு ஓடி வருகிறார். இதை அவரே எழுதுகிறார். நூலின் மாந்தர் பட்டியலில் தம்மை ஒற்றன் என்றே குறித்துக்கொள்கிறார். இன்னொரு காட்சி நம் மனத்தை விட்டு அகலவில்லை. வழியில் பூட்டிக்கிடந்த ஒரு கோவிலின் அழகில் மயங்கிய இருவரும் உள்ளே சென்று படமெடுக்க விரும்புகிறார்கள். சற்று முன்னே ஓர் இளங் கறுப்பினத் தம்பதியர் நடந்து செல்கின்றனர். சாவி யாரிடம் என்று கேட்பதற்காக ஏஜி அவர்களின் பின்னே ஓடுகிறார். ஒரு வெள்ளையன் தன்னை நோக்கி ஓடிவரும் காலடி கேட்ட அந்தப் பெண் அஞ்சி நடுங்கித் தடுமாறுகிறாள். தாம் செய்தது என்னவென்று உணர்ந்த எழுத்தாளருக்கு அவர்கள் காலில் விழுந்து முத்தமிடத் தோன்றுகிறது. விழவில்லை, விழுந்தால் அவர்கள் இன்னும் அஞ்சுவார்களே! வாயால் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்.

இக்காட்சியைப் பாவ அறிக்கையின் உச்சம் என்று போற்றுவோர் உண்டு. நாமும் முதல் வாசிப்பில் அப்படியே எண்ணினோம். மறுபடி வாசித்தபோது வேறொன்று கண்டோம். அத்தம்பதியர் யார், எங்கே சென்றுகொண்டிருந்தார்கள், அன்றைய நாள் அவர்களுக்கு எப்படி முடிந்தது? ஒன்றும் தெரியாது. ஏஜியின் மனவேதனை மட்டும் விரிவாகத் தெரிகிறது. அறிக்கையிடுகிறவனே பக்கத்தை நிறைத்துவிடுகிறான். கறுப்பின மக்கள் இந்நூலில் ஓரத்தில்தான் வருகிறார்கள்: நிலக்கிழாரின் சொல்லுக்கு அடங்கி விருந்தாளிகளுக்காகப் பாடுவோராக, வழியில் அஞ்சி நிற்போராக. இதழ் கேட்டது வெள்ளைக் குடும்பங்களை மட்டுமே என்பது காரணம். அது முழுச் சமாதானம் ஆகாது.

பெயர் விஷயமும் உண்டு. மூன்று குடும்பத்தாருக்கும் புனைபெயர் சூட்டப்பட்டது, அவர்களைக் காப்பதற்காக. நோக்கம் நல்லதே. ஆனால் பென் சீராவின் பகுதி முழுவதும் நூலின் இறுதியில் அச்சிடப்பட்டிருக்கிறது. பெயர் என்றென்றும் வாழும் என்பது அதன் முடிவு. பெயரை மறைத்துவிட்டு இந்த வசனங்களை அச்சிட்டது முரண் அன்றோ? முகமோ மறைக்கப்படவில்லை. எவன்ஸின் படங்கள் அருங்காட்சியகங்களுக்கு ஏறின. படத்திலிருந்த குடும்பத்தாரில் சிலர், தம்மைக் கந்தலோடு உலகுக்குக் காட்டிவிட்டார்களே என்று பிற்காலத்தில் வருந்தினர். நூலில் மாகி லூயிஸ் என்று பெயரிடப்பட்ட பத்து வயதுச் சிறுமி, ஆசிரியையாகவோ தாதியாகவோ ஆக விரும்பினாள். டேல் மாகரிட்ஜ் என்னும் பத்திரிகையாளரும் மைக்கேல் வில்லியம்சன் என்னும் படப்பிடிப்பாளரும் அரை நூற்றாண்டு கழித்து அக்குடும்பங்களைத் தேடிச் சென்று 1989-இல் எழுதிய நூல், பென் சீராவின் அதே அதிகாரத்திலிருந்தே தலைப்பெடுத்தது. மறு ஆண்டு புலிட்சர் பரிசும் பெற்றது. அதிலிருந்தே அறிகிறோம்: அவள் ஆசிரியையும் ஆகவில்லை, தாதியும் ஆகவில்லை, 1971-இல் நஞ்சருந்தித் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். ஏஜியின் நூலை இன்று எடுத்து வைத்தால், எதிர்காலத்தைப் பற்றி அவள் பேசும் அந்தப் பக்கத்தைத் தாண்டிச் செல்வது நமக்குக் கடினமாயிருக்கிறது.

மூன்றாம் நூலுக்கு வருவோம். ‘எல்லாம் தேவனுடைய அபாயங்கள்’ என்று நாம் தமிழாக்கக்கூடிய தலைப்பில் 1974-இல் வெளிவந்தது. மறு ஆண்டு அமெரிக்காவின் தேசிய நூல் விருதையும் பெற்றது. தியோடர் ரோசன்கார்ட்டன் என்னும் இளம் ஆய்வாளர், 1930-களில் அலபாமாவில் இயங்கிய வாரக் குடியானவர் சங்கத்தைப் பற்றி விசாரிக்கும் தோழியோடு 1969-இல் சென்றபோது, எண்பது வயதைக் கடந்த கறுப்பின முதியவர் ஒருவரைச் சந்தித்தார். சங்கத்தைப் பற்றி ஒரு கேள்வி. மறுமொழி மணிக்கணக்கில் ஓடிற்று. எழுதப் படிக்கத் தெரியாத அம்முதியவரின் வாழ்க்கை முழுவதையும் ஒலிநாடாவில் பதிந்து, அவர் வாய்மொழியாகவே நூலாக்கினார் ரோசன்கார்ட்டன். நூலில் அவர் பெயர் நேட் ஷா. 1885-இல் பிறந்து 1973-இல் மறைந்த நெட் காப் என்பவரே அவர்.

எத்தனை விதமான நினைவு! தந்தையின் கொடுமை, முதல் பருத்தி, கடன் கொடுத்த வியாபாரி ஒவ்வொருவரும் செய்த வஞ்சனை, தாம் வாங்கிய கோவேறு கழுதைகள், காய் வண்டு வந்து பருத்தியை அழித்த ஆண்டுகள். தலைப்புப் பிறந்ததே அந்த வண்டைப் பற்றிய பேச்சில்தான். மனிதனுக்கு வரும் இடர் எல்லாம் வெள்ளைக்காரனால் மட்டுமே வருவதில்லை என்கிறார் கிழவர். அவரை ஒடுக்கியவர்களைப் பற்றி நூல் முழுவதும் பேசிய பிறகும் இவ்வாறு சொல்லும் நடுநிலை, படித்த நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? மனைவிக்கு எழுத்துத் தெரியும். நிலக்கிழார் நீட்டும் தாள்களை அவளே படித்துச் சொல்வாள். அந்த அம்மையைப் பற்றிப் பேசும் இடங்களில் கிழவரின் குரலே வேறாகிறது.

1932 டிசம்பரில், அண்டை வீட்டுக்காரனின் கால்நடைகளைக் கடனுக்காகப் பிடித்துச் செல்ல ஷெரிப்பின் ஆட்கள் வந்தார்கள். ஷா குறுக்கே நின்றார். அவரைச் சுட்டார்கள், அவரும் திருப்பிச் சுட்டார். பன்னிரண்டு ஆண்டு சிறை. சங்கத்தாரைக் காட்டிக்கொடுத்தால் விடுதலை எளிதாகும் என்று சொல்லப்பட்டும் அவர் வாய் திறக்கவில்லை. சிறையிலேதான் அவர் தேவனைக் கண்டடைந்ததாகச் சாட்சி கூறுகிறார். இச்சாட்சியில் நமக்கு வியப்பளிப்பது ஒன்று. மனந்திரும்பியவர் தாம் அன்று குறுக்கே நின்றதைப் பாவமாக அறிக்கையிடவில்லை; இறுதிவரை அதைச் சரியென்றே கொள்கிறார். மனந்திரும்புதல் என்றால் பழையது அனைத்தையும் மறுதலிப்பது என்று எண்ணும் வகுப்பறை இறையியலுக்கு இவ்விடத்தில் வேலை இருக்கிறது. நூலின் நான்கு பகுதிகளில் இறுதியானதற்கு ‘வெளிப்படுத்துதல்’ என்றே பெயர்.

குறை ஒன்று சொல்ல வேண்டும். ரோசன்கார்ட்டன் தம் கேள்விகளை நூலிலிருந்து நீக்கிவிட்டார். எனவே முதியவர் தாமாகவே பிறப்பிலிருந்து வரிசையாகச் சொல்லிவந்தது போன்ற தோற்றம் உண்டாகிறது. எந்தக் கேள்விக்கு எந்த மறுமொழி, எதைக் கேட்கவே இல்லை என்பவை மறைந்துபோயின. ஏஜி தம்மை அளவுக்கு மீறிக் காட்டினார். இவர் தம்மை அளவுக்கு மீறி ஒளித்தார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இளைஞரின் ஒளிவையே நாம் ஏற்போம். அந்த மறைவில் பேசவேண்டியவர் பேசுகிறார். இங்கும் பெயர் மாற்றப்பட்டது, குடும்பத்தாரின் நலன் கருதி. ஆனால் இந்தப் புனைபெயருக்குள் இருப்பவர் தம் வழக்கைத் தாமே வாதிடுகிறார். பிற்காலத்தில் அவருடைய சொந்தப் பெயரும் வரலாற்று நூல்களில் ஏறிவிட்டது.

மூன்று நூல்களையும் நம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிமுகம் செய்தபோது ஒருவர் எழுந்து, ‘ஐயா, அடக்க ஆராதனைக்கு முந்தின இரவு ஒலிநாடாவுக்கு எங்கே போவது?’ என்றார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். பிறகு சொன்னோம், அந்த இரவுக்கு முன்னே பல இரவுகள் இருந்தன என்று.

நெட் காப் முதுமையில் கூடை முடைந்தார். கைக்கு வேலை இருந்துகொண்டேயிருக்க, பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. நூல் வெளிவந்தது அவர் இறந்த மறு ஆண்டில்.