இரண்டாமிடம் வந்த பையன்

தேர்வில் தோற்றுவிட்டோம் என்று நடுங்கிக்கொண்டிருக்கிறான் ஒரு பையன். வூர்ட்டம்பெர்க் முழுவதிலும் நீதான் இரண்டாவது என்று அவனிடம் சொல்கிறார்கள். திகைத்து நிற்கிறான். கொஞ்ச நேரம் கழித்து அவன் வாயிலிருந்து வருவது நன்றியோ அழுகையோ இல்லை. முன்பே தெரிந்திருந்தால் முதலிடமே வாங்கியிருப்பேனே என்கிற ஆதங்கம்தான் வருகிறது.

ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘உண்டெர்ம் ராட்’ (சக்கரத்தின் அடியில், 1906) நாவலில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இது. ஹெஸ்ஸே என்றால் நமக்கெல்லாம் சித்தார்த்தன்தான். திருலோக சீதாராம் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்து பல வருஷமாகிறது. ஆறு, ஞானம், ஓம் என்று பேசும் அந்த ஹெஸ்ஸேக்கு முன்னால், பரீட்சை எழுதப் போகிற பையனின் தலைவலியை எழுதிய ஹெஸ்ஸே ஒருவர் இருந்தார். அவரைத்தான் எனக்குப் பிடிக்கும்.

கதை சின்னது. கருங்காட்டுப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் தாயில்லாத பையன் ஹான்ஸ் கீபன்ராத். ஊரிலிருந்து அரசுத் தேர்வுக்கு அனுப்பப்படும் ஒரே மாணவன். தேர்ந்தால் மௌல்ப்ரோன் மடத்துப் பள்ளி, பிறகு இறையியல், பிறகு போதகர் வேலை. எல்லாம் அரசு செலவில். கெப்ளரும் ஹோல்டர்லினும் படித்த இடம். ஹான்ஸ் தேர்கிறான், போகிறான், அங்கே உடைகிறான், ஊர் திரும்புகிறான், பட்டறையில் வேலைக்குச் சேர்கிறான், ஒரு ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டு ஆற்றில் பிணமாகிறான்.

இதைக் கல்விமுறைக்கு எதிரான நாவல் என்று சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். அப்படிப் படிக்க ஹெஸ்ஸேயே இடம் கொடுக்கிறார். நடுநடுவே கதையை நிறுத்திவிட்டு ஆசிரியர்களைக் கிண்டலடிக்கிறார். நாவலின் பலவீனமான பக்கங்கள் இவைதான். கோபம் நியாயமானது, ஆனால் அங்கே ஹான்ஸைக் காணவில்லை. பேசுவது முழுக்க ஹெஸ்ஸே. 1892 மார்ச்சில் அதே மௌல்ப்ரோனிலிருந்து ஓடிப்போன பதினாலு வயசுப் பையன் அவர். கணக்குத் தீர்க்கிறார். தீர்க்கட்டும்.

என்னைக் கலங்கடித்தது வேறு. இந்த நாவலில் ஹான்ஸைப் பிடித்துக் கொடுமை செய்கிற ஆள் என்று யாரும் இல்லை. எல்லாரும் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். தேர்வு முடிந்த கோடை விடுமுறை அத்தியாயத்தைப் பாருங்கள். நான் படித்தவற்றில் மிகக் கொடூரமான விடுமுறை அது. பையன் தூண்டிலோடு ஆற்றங்கரைக்குப் போகிறான். தேர்வுக்காகத் தடுக்கப்பட்டிருந்த மீன்பிடி இப்போது அனுமதியோடு கிடைக்கிறது. நீரின் வெளிச்சம், மீன்களின் பெயர்கள், வெயில் எல்லாவற்றையும் ஹெஸ்ஸே ஆசையாக எழுதுகிறார். அப்போது போதகர் வந்து, தினம் ஒரு மணிநேரம் கிரேக்க மூலத்தில் லூக்கா சுவிசேஷம் பார்க்கலாமா என்று கேட்கிறார். கட்டாயமே இல்லை, இஷ்டமிருந்தால் போதும். அடுத்து தலைமையாசிரியர் ஹோமரோடு வருகிறார். கணக்கு பின்னாலேயே வருகிறது. ஒவ்வொருவரும் கேட்பது சொற்ப நேரம். ஹான்ஸ் சரி என்கிறான். அவனுக்கு அது பிடித்தும் இருக்கிறது, அதுதான் விஷயம். மற்ற பையன்களைத் தாண்டி எங்கோ உயரத்தில் இருக்கிறோம் என்ற கிறுகிறுப்பு. தலைவலி வரும்போதும் அது போவதில்லை.

இதை எழுத ஒருவர் தானே அந்தப் பையனாக இருந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் எனக்கு 500க்கு 487. பள்ளி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அது அங்கே தொங்கிய மூன்று மாதமும் அந்தத் தெருவில் நான் கிரிக்கெட் ஆடவில்லை. ஆடாதேன்னு யாரும் சொல்லல. ஃப்ளெக்ஸ்ல இருக்கிறவன் டக் அவுட் ஆகக்கூடாது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் 2017லிருந்து மாநில ரேங்க் பட்டியல் அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள். நல்ல காரியம். ஆனாலும் ஹான்ஸ் மாதிரி ஒரு பையன் முதலிடம் யாருக்கு என்று எப்படியும் விசாரித்துத் தெரிந்துகொள்வான்.

நாவலின் தலைப்பும் ஒரு பிரியமான வாயிலிருந்துதான் வருகிறது. மதிப்பெண் சரியத் தொடங்கிய பிறகு மடத்துப் பள்ளித் தலைவர் ஹான்ஸைக் கூப்பிட்டு, கையை நீட்டி, தளர்ந்துவிடாதே, தளர்ந்தால் சக்கரத்துக்கு அடியில் போய்விடுவாய் என்கிற பொருளில் பேசுகிறார். திட்டவில்லை. அக்கறைதான்.

மௌல்ப்ரோனில் ஹான்ஸுக்கு ஒரு நண்பன் கிடைக்கிறான், ஹெர்மன் ஹைல்னர். கவிதை எழுதுகிறவன், அடங்காதவன், ஓடிப்போய் பள்ளியிலிருந்து நீக்கப்படுகிறவன். முதல் பெயர் ஹெஸ்ஸேயுடையது. செத்துப்போகும் பையனுக்கு ஹான்ஸ் என்று தன் தம்பியின் பெயரைக் கொடுத்திருக்கிறார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊர் லத்தீன் பள்ளியில் அடிபட்ட அந்தத் தம்பி பின்னாளில் குமாஸ்தாவாக வாழ்ந்து, 1935ல் தற்கொலை செய்துகொண்டார். தப்பித்தவனைப் பற்றி நாவல் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கிறது. தப்பிக்காதவனோடு கடைசிவரை இருக்கிறது.

பட்டறைப் பகுதி இன்னும் நீளமாக இருந்திருக்கலாம். அரம் பிடித்து இரும்பைத் தேய்க்கிறான், கை கொப்பளிக்கிறது, பழைய சகமாணவர்களுக்கு முன்னால் நீலச் சட்டையில் நடக்கக் கூசுகிறான். அப்படியும் வேலையின் தாளம் லேசாக அவனுக்குள் இறங்குகிறது. ஹெஸ்ஸேயும் கால்வ் ஊரில் கோபுரக் கடிகாரப் பட்டறையில் ஒரு வருஷத்துக்கும் மேல் இருந்தவர். அந்தக் கை தெரிகிறது. இந்த இடத்தில் எனக்கு ஆசிரியரோடு சண்டை உண்டு. ஆற்றில் எப்படி விழுந்தான் என்பதை மூடியே வைத்தது சரி. ஆனால் சாகவைத்ததே அவசரம். எனக்குத் தெரிந்த முதல் ரேங்க்காரர்கள் யாரும் ஆற்றில் மிதக்கவில்லை. வங்கியில் இருக்கிறார்கள், சென்னையில் இருக்கிறார்கள், முப்பத்தைந்து வயதில் ஒரு புது விஷயம் கற்றுக்கொள்ளப் பயப்படுகிறார்கள். தப்பாப் போயிடுமோன்னு. நாற்பது வயது ஹான்ஸை ஹெஸ்ஸே எழுதவில்லை.

முடிவில் சவ அடக்கம். செருப்புத் தைக்கிற ஃப்ளைக், கலைந்து போகும் ஆசிரியர்களைக் காட்டி, பையனை இங்கே கொண்டுவந்து சேர்த்ததில் இவர்களுக்கும் பங்குண்டு என்கிறார். பலரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அவர் அதற்குப் பிறகும் பேசுகிறார். நீங்களும் நானும்கூடப் பையனுக்குச் செய்யவேண்டிய சிலதைச் செய்யாமல் விட்டிருக்கலாம் என்று அப்பாவிடம் சொல்கிறார். அப்பாவுக்குப் புரிகிறதா என்பது தெரியவில்லை. பழகிய வீட்டை நோக்கித் தயங்கித் தயங்கி நடக்கத் தொடங்குகிறார்.