வெட்டி ஒட்டிய சேஸி

அமெரிக்காவின் பழைய பிக்கப் சந்தையில் நெட்டை வண்டிக்கு மதிப்புக் குறைவு. பண்ணையிலும் கட்டட வேலையிலும் உழைத்த, எட்டடிச் சரக்குத் தொட்டி கொண்ட நெட்டை வண்டிகள் நிறையக் கிடைக்கின்றன. ஆர்வலர்கள் தேடுவதோ ஆறரை அடித் தொட்டியின் கச்சிதமான தோற்றத்தை. ஆகவே நெட்டையை வாங்கிக் குட்டையாக்குகிறார்கள். 1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி10 இதற்குப் பேர்போனது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே நெட்டையில் 127 அங்குலம், குட்டையில் 115. சேஸியில் கேபினுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 12 அங்குலத்தையும், பின் அச்சுக்கு அப்பால் ஏறத்தாழ 8 அங்குலத்தையும் எடுத்துவிட்டால் குட்டைத் தொட்டி உட்கார்ந்துவிடும்.

சேஸியில் கையே வைக்கக் கூடாது என்பவர்களோடு நான் உடன்படவில்லை. அந்தக் காலத்து இலகு பிக்கப்பின் சேஸி மென் எஃகாலான திறந்த சட்டம். நல்ல வெல்டிங்கை ஏற்கும். வெப்பப் பதமிட்ட கனரக லாரிச் சேஸி அப்படியல்ல. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அதன் பதம் இறங்கி, வலு குறைந்துவிடும்.

எப்படி அறுக்கிறார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. சுமை ஏறும்போது சேஸி வளைகிறது. அந்த வளைவைப் பெரும்பாலும் தாங்குவது சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகள். நேர்குத்தாக அறுத்து ஒட்டினால் இரண்டு விளிம்புகளின் ஒட்டும் ஒரே இடத்தில் வந்து, பலவீனம் அங்கே குவிகிறது. படிக்கட்டுப் போல அறுத்தால் மேல் ஒட்டு ஓரிடம், கீழ் ஒட்டு வேறிடம். உள்பக்கம் வைக்கும் வலுத்தகட்டின் முனையும் சதுரமாக நிற்கக் கூடாது. விறைப்பு திடீரென மாறும் இடத்தில்தான் விரிசல் பிறக்கும் என்பதால் முனையைச் சரித்து ஒடுக்க வேண்டும். டிரைவ் ஷாஃப்டைக் குறைத்து பேலன்ஸ் பார்ப்பது, பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் கவனமிருந்தால் முடிகிற வேலைகள்.

இழப்பும் உண்டு. எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் பலகை முழுசாகப் படுக்கும் தொட்டி போய்விடுகிறது. உழைக்கப் பிறந்த வண்டி காட்சிப் பொருளாவது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அது உரிமையாளரின் விருப்பம்.

நான் எதிர்ப்பது ஒட்டை மறைப்பதை. வெல்டிங்கைச் சீராகத் தேய்ப்பதில் தவறில்லை. அளவோடு செய்தால் நல்லதுகூட. ஆனால் வெட்டிய அடையாளமே தெரியாதபடி புட்டி பூசிப் பெயின்ட் அடிப்பதை ஆர்வலர் வட்டாரத்தில் கைத்திறன் என்று கொண்டாடுகிறார்கள். புட்டிக்கு அடியில் விரிசல் வளர்ந்தாலும் கண்ணில் படாது. அடுத்து வாங்குபவர், தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்த சேஸி என்று நம்பிப் பின்னால் டிரெய்லரை மாட்டுவார். வெட்டிய இடம், வெட்டிய விதம், தகட்டின் கனம் எல்லாவற்றையும் படங்களோடு வண்டியுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அது இல்லாத வண்டிக்குக் குட்டை வண்டியின் விலையை யாரும் தரக் கூடாது.