விரலில் தட்டும் வால்வு

ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த சிகாமட் மாவட்டத்துப் பெக்கோக்கிலும் இன்று நாடித்துடிப்பைக் கைக்கடிகாரமே சொல்லிவிடுகிறது. 72, 84 என்று எண் வரும். நாடி பிடிப்பதில் ருசி கண்டவருக்கு அது எப்படிப் போதும்? துடிப்பு எப்படி எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படி விழுகிறது என்பதில்தான் கலையே இருக்கிறது. அந்தக் காலத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படம்பிடித்துக் காட்டும் எக்கோ ஏது? டிரஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளருக்கு விரலும் ஸ்டெதஸ்கோப்பும்தான்.

என் கணக்கில் நாடிகளுக்கெல்லாம் ராஜா, அயோர்டிக் வால்வு கசியும்போது வரும் நாடி. நோயாளியின் மணிக்கட்டை ஒட்டி முன்கையை உள்ளங்கையால் சுற்றிப் பிடித்து, அப்படியே தலைக்கு மேலே தூக்க வேண்டும். குபீரென்று ஒரு தட்டு. அடுத்த கணமே ஒன்றுமில்லாமல் சரிந்துவிடும். இதயம் தள்ளிய ரத்தத்தில் ஒரு பங்கு மூடாத வால்வு வழியே திரும்பி ஓடிவிடுகிறது அல்லவா, அதனால் மேல் அழுத்தம் ஏறியும் கீழ் அழுத்தம் தாழ்ந்தும் கிடக்கும். 160/50 என்றெல்லாம் வரும். டப்ளின் மருத்துவர் கோரிகன் 1832இல் இந்த நோயை விரிவாக எழுதினார். அவர் கண் போனது கழுத்துத் தமனிகளின் துள்ளலில். காற்றை நீக்கிய கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் நீரை அடைத்துத் தலைகீழாக்கினால் நீர் மொத்தமாக அடியில் மோதும். அந்த விளையாட்டுப் பொருளை நினைத்துத்தான் தாமஸ் வாட்சன் இந்தக் கசிவு நாடியை நீர்ச்சுத்தி நாடி என்றார். பிரெஞ்சுக் கவிஞர் ஆல்ஃப்ரெட் தெ முஸ்ஸேக்கு இதே நோயால் துடிப்புக்குத் துடிப்பு தலை ஆடுமாம். அந்த ஆட்டத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நக நுனியை லேசாக அழுத்தினால் வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுக்கோடு முன்னும் பின்னும் நகரும் என்பார்கள். நான் நகத்தை நம்புவதில்லை. நல்ல ஆரோக்கியமானவர் நகத்திலும் அது தெரியும்.

அதே வால்வு சுருங்கினால் துடிப்பு சிறுத்து, சோம்பி எழும். மணிக்கட்டில் தேடுவதைவிடக் கழுத்தில் தேடுவது மேல். சில சமயம் விரலடியில் ஓர் அதிர்வும் சேர்ந்து வரும். வயதானவர்களிடம்தான் ஏமாந்துபோவோம். தமனி விறைத்துவிட்டதால், வால்வு மோசமாகச் சுருங்கியிருந்தும் நாடி சாதாரணமாகவே தோன்றும். கசிவும் சுருக்கமும் சேர்ந்தவருக்கு ஒரே துடிப்பில் இரண்டு முகடு. அதைப் பிடித்தவர் அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருப்பார்.

இதயத்தின் இன்னொரு வால்வான மைட்ரலின் சுருக்கம் கூச்ச சுபாவம். நாடி சிறிதாக இருக்கும், அவ்வளவே. இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கிய பிறகுதான் ஒழுங்கு குலையும். அப்போது ஒருவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெஞ்சில் எண்ண, இன்னொருவர் அதே நிமிடம் மணிக்கட்டில் எண்ண வேண்டும். அங்கே 120, இங்கே 96 என்று கணக்கு இடிக்கும். சரியாக நிரம்பாமலே இதயம் அடித்துவிட்ட அடிகள் கைவரை வந்து சேர்வதில்லை. சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வந்த வாதக் காய்ச்சல்தான் பெரும்பாலும் மைட்ரல் சுருக்கத்துக்கு வேர்.

கோலாலம்பூர் ஐ.ஜே.என். இதய மருத்துவமனையில் அயோர்டிக் வால்வை மாற்றிக்கொண்டு ஊர் திரும்பியவரின் கையைத் தூக்கிப் பிடித்தால் பழைய தட்டு இருக்காது. ரசிகனுக்கு நஷ்டம்தான். இயந்திர வால்வு என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே சில சமயம் டிக் டிக் கேட்கும். அந்த வால்வுக்காரருக்கு ரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் மாத்திரையும் அதற்கான ரத்தப் பரிசோதனையும் ஆயுசுக்கும் உண்டு.