லொறியின் டாங்கி மூடி: பூட்டா, மூச்சா?

பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் ஏ4 வீதியில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கிறது கோமாரி. இங்கே நிற்கும் லொறியின் டீசல் டாங்கி மூடி உடைந்தாலோ தொலைந்தாலோ, அன்றைக்கே அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ அகப்படுவதை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். "எல்லா லேலண்டுக்கும் போடலாம் காக்கா" என்று கடையில் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. டாங்கியின் வாயில் உட்கார்ந்து திரும்பினால் சரி, பூட்டும் இருந்தால் இன்னும் நல்லது. இந்த அளவுகோலில்தான் மூடி வாங்கப்படுகிறது. இது பிழையான அளவுகோல் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

முதலில் பார்க்க வேண்டியது மூடி மூச்சு விடுகிறதா என்பது. 200 லீற்றர் டீசல் வெளியே போனால் 200 லீற்றர் காற்று உள்ளே வர வேண்டும். சில டாங்கிகளில் அதற்கென்று மேலே தனிக் குழாய் உண்டு. அப்படியானால் மூடி இறுக்கமாக அடைத்தாலும் கெடுதி இல்லை. அந்தக் குழாய் இல்லாத டாங்கிக்குக் காற்று வர ஒரே வழி மூடிக்குள் இருக்கும் சிறு வால்வுதான். அது இல்லாவிட்டால் டாங்கிக்குள் வெறுமை கூடிக்கொண்டே போகும். 60 சென்டிமீற்றர் சதுரமான ஒரு பக்கத் தகட்டைக் கணக்கில் எடுப்போம். உள்ளே அழுத்தம் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிக்காற்று அந்தத் தகட்டைச் சுமார் 180 கிலோ பாரத்தோடு அமுக்கும். தகடு உள்வாங்கலாம், எஞ்சினும் டீசல் இல்லாமல் திணறத் தொடங்கும். வெல்லவாயவிலிருந்து பெரகல நோக்கி ஏறும்போது பாரலொறி இழுவை விட்டால் பில்டரை மாற்றுவார்கள், பம்பைக் கழற்றுவார்கள். மூடியைத் தளர்த்தியதும் 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தால் குற்றவாளி யார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இதற்கு நம் ஆட்கள் செய்யும் கைவைத்தியம், மூடியில் ஆணியால் ஒரு துளை. மூச்சுப் பிரச்சினை தீரும், ஆனால் அதே துளையால் மாரி மழை உள்ளே இறங்கும். டாங்கி நிறைந்திருக்கும்போது வளைவில் டீசல் தெறித்து வீதியில் படியும். அதில் வழுக்கி விழுபவர் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிற, இந்தக் கதையில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவர். டாங்கி எந்தப் பக்கம் புரண்டாலும் நிமிடத்துக்கு ஒரு அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 28 கிராமுக்கு மேல் ஒழுகக்கூடாது என்று அமெரிக்க விதி பெரிய லொறி டாங்கிகளுக்கு எல்லை வைத்திருக்கிறது. வால்வு உள்ள மூடியால் அதைக் காக்க முடியும், ஆணித்துளையால் முடியாது.

அடுத்தது ரப்பர் வளையம். நைட்ரைல் ரப்பர் டீசலைத் தாங்கும். சாதாரண இயற்கை ரப்பர் ஊதிப்போகும். மலிவான மூடியைச் சில மாதம் கழித்துக் கழற்றிப் பார்த்தால், வளையம் தன் பள்ளத்தை விட்டுப் பிதுங்கி, ஒரு பக்கம் மடிந்து கிடக்கும். அந்த மடிப்பின் வழியேதான் தண்ணீர் இறங்குகிறது. பழைய எஞ்சின்கள் கொஞ்சம் தண்ணீரைப் பொறுத்துக்கொண்டன. 1,600 பார் அளவிலும் அதற்கு மேலும் டீசலை அமுக்கும் கொமன் ரெயில் எஞ்சின் பொறுக்காது, ஏனென்றால் அதன் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசல்தான் மசகு. மூடிச் செலவை இன்ஜெக்டர் செலவோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் விலைகுறைந்த வளையத்தைத் தொடமாட்டார்.

பூட்டைக் கேட்பவர்களை நான் குறை சொல்லவில்லை. 2021 கடைசியில் 121 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 2022 ஜூன் 26இல் 460 ரூபாயானது. ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது லொறிக்குக் கிடைத்தது வாரத்துக்கு 50 லீற்றர். அந்த நாட்களைப் பார்த்தவர் டாங்கியைத் திறந்து விட்டுத் தூங்கமாட்டார். ஆனாலும் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பூட்டுமூடிகள் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. கடற்காற்றின் உப்பு சாவித்துளைக்குள் படிந்து, ஒருநாள் சாவி திரும்பாது. பிறகு நெம்புகோலால் உடைப்பதுதான் வழி, அப்போது டாங்கியின் கழுத்தும் நசுங்கும். இன்னொன்று: திருட வருபவர் மூடியைத்தான் திறக்க வேண்டும் என்றில்லை. டாங்கியின் அடியில் வடிகால் ஆணி இருக்கிறது, பக்கத்தில் ரப்பர் குழாய் ஓடுகிறது. கழுத்துக்குள் சொருகும் உறிஞ்சுதடுப்பு வலையும் குழாய் நுழைவதை மட்டுமே தடுக்கும். வேகமான பம்பில் அடிக்கும்போது டீசல் நுரைத்து மேலே பொங்கவும் செய்யும்.

ஆகவே என் தீர்ப்பு, அடைப்பதையும் மூச்சையும் மூடியிடம் விட்டுப் பூட்டைத் தனியாக வைப்பது. லொறி செய்த கம்பனியின் சாதாரண வால்வு மூடியும், கழுத்தைச் சுற்றி போல்ட் போட்டு இறுக்கிய கவ்வியில் ஓர் இரும்புப் பட்டையும், அதற்கு ஒரு பித்தளை ஆமைப்பூட்டும் போதும். டாங்கியில் வெல்டிங் வேண்டவே வேண்டாம்; டீசல் ஆவி நின்ற டாங்கிக்கு நெருப்பு வைப்பது உயிரோடு விளையாடுவது. பூட்டு துருப்பிடித்தால் பூட்டை மட்டும் வெட்டி எறியலாம், மூடிக்குச் சேதமில்லை. கொழும்புக்கு ஓடி, அந்நிய யார்டுகளில் இரவு தங்கும் பிரைம் மூவருக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. அதற்குக் கம்பனியே தரும், வால்வும் சாவித்துளை மூடியும் உள்ள பூட்டுமூடி கூடுதல் விலைக்குத் தகும்.

வாங்கப் போகும்போது பழைய மூடியைக் கையோடு கொண்டு போக வேண்டும். வாயின் விட்டம் மட்டும் ஒத்தால் போதாது, உள்ளே கொளுவும் காதுகளின் உயரமும் ஒக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் கூடினாலும் வளையம் அமுங்காது. புது மூடியின் உள்பக்கத்தில் வாயை வைத்து உறிஞ்சினால் காற்று வர வேண்டும், ஊதினால் தடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்துக் கிடக்கும் மூடியை, தனிக் காற்றுக்குழாய் இல்லாத டாங்கிக்கு, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.