மயில்கழுத்துப் பட்டு

மலேசியாவின் கேமரன் மலையில் ஜிம் தாம்ஸன் பெயரை எடுத்தால், காட்டுக்குள் போனவர் திரும்பவே இல்லை என்ற கதைதான் முதலில் வரும். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தானா ராத்தாவில் மூன்லைட் பங்களாவில் நண்பர்களோடு தங்கியிருந்த 61 வயது அமெரிக்கப் பட்டு வணிகர் பிற்பகலில் தனியாக வெளியே போனார். போலீஸ், ராணுவம், ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் என்று எல்லாரும் காட்டைச் சலித்துப் பார்த்தார்கள். ஒரு தடயமும் சிக்கவில்லை.

அவரைப் பற்றிய எழுத்தும் அந்தப் பிற்பகலைவிட்டு நகர மறுக்கிறது. வில்லியம் வாரன் எழுதிய வாழ்க்கை வரலாறு 1970இல் வந்தது. ஜோஷுவா குர்லாண்ட்ஸிக்கின் நூல் 2011இல் வந்து, அவருடைய உளவுத்துறைப் பின்னணியையும் தென்கிழக்காசிய அரசியலையும் துருவியது. இரண்டுமே உழைத்து எழுதியவை. ஆனாலும் படித்து முடித்தவர் மனத்தில் நிற்பது காடுதான், தறி அல்ல. எனக்கு இது பெரிய குறை.

1945இல் பாங்காக் வந்த தாம்ஸன், பான் க்ருவா என்ற கால்வாயோரக் குடியிருப்பில் சாம் முஸ்லிம் நெசவாளர்களைக் கண்டார். மலிவான இறக்குமதித் துணியால் நொடித்துப்போயிருந்த தொழில் அது. 1947இல் அவர்களுடைய பட்டை நியூயார்க்குக்கு எடுத்துச் சென்று வோக் இதழாசிரியரிடம் காட்டினார். அடுத்த ஆண்டே கம்பெனி பிறந்தது. சாயம் போகாத வண்ணங்களைக் கொண்டுவந்தார். நெசவை ஆலைக்குள் அடைக்காமல் வீடுகளிலேயே விட்டார். அதனால் அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டே பெண்கள் நெய்ய முடிந்தது. 1951இல் பிராட்வேயில் ஏறிய ‘தி கிங் அண்ட் ஐ’ நாடகத்தின் உடைகளில் அந்தப் பட்டு மின்னியது.

தாய்லாந்துப் பட்டின் தனிச்சிறப்பு என்று எல்லாரும் வியக்கும் நிறமாற்றம் நமக்குப் புதிதில்லை. கேமரன் மலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த என் அத்தை, அந்துருண்டை மணக்கும் டிரங்குப் பெட்டியிலிருந்து தன் கல்யாணப் பட்டை எடுத்துச் சன்னலோரம் பிடித்துக் காட்டுவார். இப்படிச் சாய்த்தால் நீலம், அப்படிச் சாய்த்தால் பச்சை. “மயில்கழுத்துடா” என்பார். பாவில் ஒரு நிறம், ஊடையில் இன்னொரு நிறம், அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் தாய்லாந்து ஊடை கையால் நூற்றது. அங்கங்கே தடித்து, அங்கங்கே மெலிந்து ஓடும். விரலை வைத்தாலே தெரியும்.

அந்தத் தடிப்பின் அருமை தெரிந்தவர் பிரெஞ்சு உடைக் கலைஞர் பியேர் பல்மேன். 1945இல் பாரிஸில் தன் உடையகத்தைத் திறந்தவர். தாம்ஸனைப்போலவே கட்டடக்கலை படிக்கப் போய், முடிக்காமல் விட்டவர். இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை. இருவருமே துணியை நிற்கவைக்கத் தெரிந்தவர்கள். 1960இல் தாய்லாந்து அரசி சிரிகிட் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் புறப்பட்டபோது உடைகளை வடிவமைத்தவர் பல்மேன். தாய்லாந்துப் பட்டை வெட்டி, பாரிஸின் லெசாஜ் பட்டறையில் பூவேலை செய்வித்து, மேலைப் பாணி உடைகளாக்கினார். 1982இல் இறக்கும்வரை அரசிக்குத் தைத்துக் கொடுத்தார். பாங்காக்கில் 2012இல் திறந்த அரசியின் துணி அருங்காட்சியகம் அந்த உடைகளைப் பேணிவருகிறது.

தாய்லாந்துப் பட்டின் வரலாற்றில் கைவைக்கப்படாத பக்கம் அங்கேதான் தொடங்குகிறது. வடிவமைத்தவர் பெயர் தெரியும், பூவேலை செய்த பட்டறை தெரியும், அணிந்தவரை உலகமே அறியும். நெய்த பெண்ணின் பெயரைத் தேடி எந்த நூலைப் புரட்டுவது? தாம்ஸன் கம்பெனியின் நெசவு பின்னாளில் கோராட் மாநிலத்துப் பாக் தோங் சாய்க்குப் போய்விட்டது. பான் க்ருவாவில் இன்னும் சில தறிகள் ஓடுகின்றன. கேமரன் காட்டுக்குள் இன்னொரு முறை விளக்கைப் பிடித்துக்கொண்டு போக நினைக்கும் ஆய்வாளர், அந்தத் தறிக்காரர்களின் பாட்டிமார் நினைவுகளைப் பதிவு செய்யப் போகட்டும்.