புனைமொழிகளில் பன்மை

புதிதாக ஒரு மொழியைக் கட்டுகிறவருக்குச் சொற்களைச் சேர்ப்பது எளிது. ஒன்று பலவாகும்போது பெயர்ச்சொல் என்ன ஆகும் என்று முடிவு செய்யும் இடத்தில்தான் அவர் திறம் வெளிப்படும். புதுச்சேரியின் சாரம் பகுதிக்காரர்களான எங்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்ததுதான். இங்கே பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகள் பன்மைக்கு ‘எஸ்’ எழுதுகிறார்கள். வாய் அதைச் சொல்வதில்லை. வீடு ஒன்றானாலும் பலவானாலும் காதில் விழுவது ‘மெஸோன்’தான். முன்னால் நிற்கும் ‘லா’ ‘லே’யாக மாறினால்தான் எண்ணிக்கை புரியும்.

இப்படி எழுத்து ஒன்று, ஒலி ஒன்று என்று பிரிந்து நிற்பதை அடியோடு நீக்கியவர் ஸாமென்ஹோப். 1887இல் வார்சாவில் அவர் வெளியிட்ட எஸ்பெராந்தோவில் 28 எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி. அழுத்தம் எப்போதும் ஈற்றயல் அசையில். பெயர்ச்சொல் ‘ஓ’வில் முடியும், பன்மையில் ‘ஓய்’ ஆகும். விதிவிலக்கே கிடையாது. சண்டை மூண்டதும் இங்கேதான். 1907இல் பாரிசில் கூடிய குழுவைத் தொடர்ந்து எஸ்பெராந்தோவின் திருத்தமாகப் பிறந்த ‘இடோ’ எழுத்துகளின் தலையிலிருந்த குறிகளைக் களைந்தது, பன்மையை ‘இ’ ஆக்கியது, பெயரடைக்குப் பன்மையே வேண்டாம் என்றது. அன்று பிரிந்தவர்கள் மறுபடி சேரவில்லை.

எஸ்பெராந்தோவின் ஒழுங்கை மதிக்கிறேன். ஆனால் அதன் பன்மை வெறும் கணக்கு. ‘ஸ்டார் டிரெக்’ படங்களுக்காக மார்க் ஓக்ராண்ட் அமைத்து, 1985இல் அகராதியாக வெளியிட்ட கிளிங்கானில் பன்மை ஓர் உலகப் பார்வை. பேசத் தெரிந்த உயிர்களுக்கு ‘பு’, உடலுறுப்புகளுக்கு ‘டு’, மற்றவற்றுக்கு ‘மே’ என மூன்று விகுதிகள். உயர்திணை, அஃறிணை படித்த தமிழருக்கு இது அந்நியமாகவே தெரியாது. தொல்காப்பியத்தில் ‘கள்’ அஃறிணைக்கு உரியது, மக்களுக்கு ‘அர்’. குறளிலேயே ஓரிரு இடத்தில் ‘அர்’மேல் ‘கள்’ ஏறிவிட்டது. இன்று ‘ஆசிரியர்கள்’ என்பதில் இரண்டு பன்மை இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. கிளிங்கானில் அந்த எல்லையைத் தாண்டினால் பொருள் மாறும்: ‘குழந்தை’யோடு ‘பு’ சேர்ந்தால் குழந்தைகள், ‘மே’ சேர்ந்தால் அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் குழந்தைகள். எண்ணுப்பெயர் வந்தால் விகுதி தேவையில்லை. நாமும் ‘பத்து வீடு’ என்றுதானே சொல்கிறோம்!

உச்சரிப்பிலும் நமக்கு வசதி உண்டு. கிளிங்கானின் ‘டி’ நாவை வளைத்து எழுப்பும் ஒலி. ஆங்கிலேயர் பழகித்தான் பிடிக்க வேண்டும், ‘வண்டி’ என்று சொல்லும் வாய்க்கு அது இயல்பாகவே வரும். எழுத்துமுறைதான் கடினம்: பெரிய ‘கியூ’வும் சிறிய ‘கியூ’வும் அதில் வெவ்வேறு ஒலிகள்.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடருக்காக டேவிட் பீட்டர்சன் விரித்தெழுதிய டோத்ராக்கியில் உயிருள்ளவற்றுக்கு மட்டுமே பன்மை. ‘அவதார்’ (2009) படத்துக்காகப் பால் ஃப்ரோமர் செய்த நாவி மொழியில் இரண்டுக்கு ஒரு முன்னொட்டு, மூன்றுக்கு ஒன்று, பலவற்றுக்கு ஒன்று. முன்னொட்டு சேர்ந்ததும் சொல்லின் முதலெழுத்து மென்மையாகும்: ‘துதே’ என்றால் ஆள், ‘ஆய்சுதே’ என்றால் ஆட்கள். சிலநேரம் ‘ஆய்’ உதிர்ந்து ‘சுதே’ மட்டும் நிற்கும். புணர்ச்சி விதியே பன்மைக் குறியாகிவிடும் இந்த இடம் என்னை மிகவும் ஈர்க்கிறது.

நம்மவர் ஆக்கம் கிளிக்கி. ‘பாகுபலி’யின் (2015) காலகேயர் கூட்டத்துக்காக மதன் கார்க்கி உருவாக்கியது. படம் வந்தபோது அதில் சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். ‘நான்’ என்பதற்கு ‘மின்’, அதைத் திருப்பிப் போட்ட ‘நிம்’ என்றால் ‘நீ’. நாவைச் சொடுக்கும் ஒலிகளும் உண்டு. ஒலிநயத்தில் அது முழு வெற்றி. திரையரங்கில் பொருள் புரியாமலே பயந்தோம். எனக்கு இன்னும் வேண்டியது இலக்கணத்தின் ஆழம். ‘தாத்தா வந்தாங்க’ என்று ஒருவரைப் பலராக்கி மரியாதை செய்கிற மொழி நம்முடையது. அந்த வழக்கத்தையே முதல் விதியாக வைத்து ஒரு தமிழர் புனைமொழி கட்டினால், காலகேய வீரன் தன் அரசனை ஒருமையில் அழைக்கிறானா பன்மையில் அழைக்கிறானா என்பதிலேயே ஒரு போர் தொடங்கலாம்.