பெரிய ஜீயரின் போதனாமுறை

ஸாதாரண வருஷம் ஐப்பசித் திருமூலத்தில் (1370) ஆழ்வார்திருநகரியில் அவதரித்த மணவாளமாமுனிகள் திருவாய்மொழிக்குப் புதியதொரு வ்யாக்யானம் அருளிச்செய்யவில்லை. அவருடைய உரைகளில் பெரும்பாலானவை பிள்ளைலோகாசார்யர், அழகியமணவாளப்பெருமாள் நாயனார் முதலானோரின் ரஹஸ்ய க்ரந்தங்களுக்கு ஏற்பட்டவை. முன்னோர் சொன்னதையே விளக்கியவருக்கு இத்தனை ஏற்றம் எதனால் என்று ஒருவர் ஐயுறக்கூடும். அவ்வையம், ஆசிரியன் பணியை நூலாசிரியன் பணியோடு ஒன்றாகக் கருதுவதால் எழுவது.

1323இல் நேர்ந்த படையெடுப்பால் திருவரங்கம் நிலைகுலைந்தது. நம்பெருமாள் மீண்டும் கோயிலுக்கு எழுந்தருளியது 1371இல். இடைப்பட்ட காலத்தில் ஏடுகள் சிதறின, ஓதுவிப்பாரும் அருகினர். அந்நிலையில் ஸம்ப்ரதாயத்திற்கு வேண்டியது மற்றுமொரு நூலன்று. உள்ள நூல்களைப் பிழையறக் கேட்பிக்கும் ஓர் ஆசிரியர்.

இவ்வுண்மையை அவர் உணர்ந்திருந்தார் என்பதற்குப் பெரியாழ்வார் திருமொழி வ்யாக்யானமே சான்று. பெரியவாச்சான்பிள்ளையின் உரையில் ஏறக்குறைய 400 பாசுரங்களுக்கான பகுதி அழிந்துபோயிற்று. மாமுனிகள் அப்பகுதிக்கு மட்டுமே உரையிட்டு, பிள்ளையின் ஸ்ரீஸூக்தி கிடைக்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டார். திருமொழி முழுதுக்கும் உரையிட வல்லவர் அவர். நின்ற இடமே அவருடைய தகுதியைக் காட்டுகிறது.

ஈட்டின் விஷயமும் இத்தகையதே. நம்பிள்ளையின் காலக்ஷேபத்தை வடக்குத்திருவீதிப்பிள்ளை ஏடுபடுத்த, அது ஈயுண்ணி மாதவர் தொடக்கமாக ஒருவர்பின் ஒருவராக வந்து, நாலூராச்சான்பிள்ளை வழியே திருவாய்மொழிப்பிள்ளையை அடைந்தது. அவரிடம் கேட்ட மாமுனிகள், பரிதாபி ஆவணி தொடங்கி ப்ரமாதீச ஆனித் திருமூலம் வரை (1432–1433) பெரிய திருமண்டபத்தில் நம்பெருமாள் திருமுன்பே ஈட்டைக் காலக்ஷேபம் செய்தருளினார். உத்ஸவங்களையும் நிறுத்திவைத்துப் பெருமாள் கேட்டருளினார் என்பது குருபரம்பரை வழக்கு. ஈட்டில் வரும் மேற்கோள்களுக்கு ஆகரம் காட்டும் ப்ரமாணத்திரட்டையும் அவர் தொகுத்தளித்தார். கேட்பவன் தம் வாக்கோடு நில்லாமல் மூலத்தைச் சென்று பார்க்கவேண்டும் என்பதே இதன் கருத்து.

முன்னோர் சொல்லுக்கு இவ்வளவு அடங்கினால் ஆராய்ச்சிக்கு இடமுண்டோ எனலாம். ஸ்ரீவசநபூஷண வ்யாக்யானத்தைப் பயின்றவர்க்கு விடை தெரியும். ஸூத்ரம்தோறும் அவதாரிகையில் மாணாக்கன் மனத்தில் எழக்கூடிய சங்கையை அவரே எழுப்பி, அதற்கு விடையாக ஸூத்ரத்தை இறக்குகிறார். பூர்வாசார்யர் பக்கல் பணிவும் கேள்வியின் கூர்மையும் அங்கே ஒன்றையொன்று தடுக்கவில்லை.

தமக்குக் குறையிருந்த இடத்தில் தாமே மாணாக்கராகவும் அவர் தயங்கவில்லை. ஆசார்யஹ்ருதயத்தின் பொருளைத் திருநாராயணபுரத்து ஆயிடம் கேட்டுணர்ந்தார். அவருக்குப்பின் இப்பணி ஒருவரோடு ஒடுங்காதபடி வானமாமலை ஜீயர், கோயிலண்ணன், ப்ரதிவாதிபயங்கரம் அண்ணன், எறும்பியப்பா உள்ளிட்ட அஷ்டதிக்கஜங்கள் திசைதோறும் நின்று நடத்தினர்.

அச்சிட்ட ஈடு எளிதிற் கிடைக்கும் இக்காலத்தில், நூலைத் தொடாமலே அதைப் பற்றிப் பேசுவதும் எளிதாயிற்று. பெரிய ஜீயரின் போதனை இதற்கு நேர்மாறானது. ஓர் உபந்யாஸத்தைக் கேட்டபின் மூலத்தைக் கையிலெடுக்கத் தோன்றுகிறதா என்பதே அவர் வழிநிற்போர் தம்மைச் சோதித்துக்கொள்ளத் தக்க உரைகல்.